சூசியத்துக்குக் கொடுத்த குளிர் அறை

மாதக்கணக்காக மூடிக் கிடந்த ஏசியை முதல் நாள் போடும்போது ஈரத்தூசியும் பூச்சி உருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் இருந்தது ஒரே ஒரு ஏசி. அது இருந்த அறைக்கு "வெளிநாட்டு அறை" என்றே பெயர். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து மாமி குடும்பம் வந்தால்தான் அதற்கு உயிர் வரும். மற்ற நாட்களில் எவ்வளவு வியர்த்து வடிந்தாலும் யன்னலைத் திறந்து கடற்காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். "அவை குளிருக்குள்ள இருந்து வாற ஆக்கள், இந்த வெக்கை தாங்கமாட்டினம்" என்பார் அம்மா. நாங்கள் தாங்குவோம் என்பது யாரும் பேசாமலே முடிவான விஷயம்.

எனக்குப் பதினொரு வயதான வருடம், தங்கச்சியின் ஏழாவது பிறந்தநாளுக்கு அப்பா பக்கத்துப் பாமன்கடைச் சந்தியில் ஒரு கடையிலிருந்து ஹாம்ஸ்டர் ஒன்று வாங்கிவந்தார். "ஊரில எலிக்குப் பொறி வைச்ச ஆக்கள், இஞ்ச காசு குடுத்து எலி வாங்கிறம்" என்று வாசலிலேயே தன்னைத்தானே பகிடி பண்ணிக்கொண்டார். பயறும் சர்க்கரையும் உருட்டிப் பொரித்த சூசியத்தின் நிறமும் உருவமும் அதற்கு அப்படியே இருந்ததால் தங்கச்சி அதைச் "சூசியம்" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கூட்டுக்கு முன்னால் போய்க் குந்திவிடுவாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓகஸ்டில் மாமி ஆட்கள் வந்தார்கள், வெளிநாட்டு அறை திறந்தது. மாமியின் பிள்ளைகளான மச்சான்மார் இருவரும் ஏசிக்கு நேர் கீழே படுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தார்கள். பல்கனியில் சூசியமும் வெயிலுக்கு வயிறு பரப்பிக் கிடந்தது. கடைக்காரர் அதை "வெளிநாட்டு இனம்" என்று சொல்லி விற்றவர் என்பது எனக்கு நினைவிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வெக்கை ஆகாது, இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு நியாயப்படி இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அதன் சொந்த இடம் பாலைவனப் பக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தங்கச்சி பின்னேரம் ஒரு துண்டு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டுப் போனாள். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பில் அன்றிரவு நன்றாகவே தூங்கினேன்.

காலையில் சூசியம் சுருண்டு, விறைத்து, தொட்டால் குளிர்ந்துபோய்க் கிடந்தது. மூச்சு இருப்பதாகத் தெரியவில்லை. யாரும் எழும்புவதற்குள் கூட்டைப் பழையபடி பல்கனியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, எல்லாரும் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். "செத்ததை வீட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு கோயிலுக்குப் போகேலாது. அப்பாவோட போய்க் கடற்கரை மணலுக்குள்ள தாட்டுப்போட்டு வந்து முழுகு" என்றார் அம்மா. தங்கச்சி அழுது அழுது ஒன்றையேதான் கேட்டாள்: "ஏனக்கா செத்தது?"

ஏசி என்று சொன்னால் அடி எனக்கு. மாமிக்கு முன்னால் மானம் போவதும் எனக்குத்தான். "நீ குடுத்த வெள்ளரிக்காய்தான்" என்றேன். அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

சூசியத்தைக் கைலேஞ்சித் துணியில் பொதிந்து, இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கடலுக்குப் போகும் ஒழுங்கை முழுவதும் நடந்தேன். தண்டவாளத்தில் ரயில் வந்ததால் நின்றோம். கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று துணியை விரித்தபோது அதன் மீசை அசைந்தது. ரயில் காற்று என்று நினைத்துக்கொண்டேன். "கெதியா வா பிள்ளை, மாமி ஆக்கள் பாத்துக்கொண்டு நிப்பினம்" என்றார் அப்பா. ரயில் போய், காற்றும் அடங்கிய பிறகு, நான் துணியை இன்னொரு முறை விரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். ஒரு சிரட்டையால் மணலைத் தோண்டினேன்.

போன வருடம் எங்கள் பூனையைக் கல்கிசையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் சப்பாத்துப் பெட்டிக்குள் விறைத்த ஹாம்ஸ்டருடன் அழுதுகொண்டிருந்தார். ஏசி அறையில் வைத்தாராம். டொக்டர் பதறவில்லை. அதைத் துணியில் சுற்றி, பக்கத்தில் சுடுநீர்ப் போத்தலை அணைத்து வைத்தார். "குளிருக்கு இப்பிடித்தான் மரத்துப்போகுங்கள், மூச்சும் விளங்காது. கனபேர் செத்ததெண்டு நினைச்சுத் தாட்டுப்போடுவினம்" என்றார். அரை மணித்தியாலத்தில் அது கண் திறந்தது. என் முறை வந்து கூப்பிட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை. என் கைச்சூட்டில், அந்த வெயிலில், எவ்வளவு தூரம் நடந்தேன் என்று மனதுக்குள் அந்த ஒழுங்கையை அளந்துகொண்டிருந்தேன்.

அந்த மாடிவீடு இன்று இல்லை. அந்த இடத்தில் நிற்கும் தொடர்மாடியில் ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு ஏசி, வெளிநாட்டு அறை என்று தனியாக எதுவும் இல்லை. சூசியத்தைத் தாட்ட மணலையும் கடல் கொண்டுபோய்விட்டது, பாறாங்கல் போட்டு வைத்திருக்கிறார்கள். தங்கச்சி இப்போது கனடாவில். போன கிழமை வீடியோவில் கதைக்கும்போது அவளுடைய மகள் ஹாம்ஸ்டர் வேண்டும் என்று பக்கத்தில் நின்று அடம்பிடித்தாள். "எனக்கு அது சரிவராதக்கா. நான் ஒண்டுக்குச் சாப்பாடு குடுத்தே சாக்காட்டினனான் எல்லோ" என்றாள் தங்கச்சி, சிரித்துக்கொண்டு. இத்தனை வருடமும் அதை அவள் சுமந்திருக்கிறாள்.

"வெள்ளரிக்காயால இல்லை. நான்தான் ஏசிக்குக் கீழ வைச்சனான். பயத்தில உன்ர தலையில போட்டன்" என்றேன். அவள் சிரிப்பு நின்றது. மகளை அடுத்த அறைக்குப் போகச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஏழு வயதில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"மணலுக்குள்ள தாக்கேக்க அது செத்துத்தானேயக்கா இருந்தது?"

"ஓம்" என்றேன்.