முன்வாசல் வழியாக வந்த வாத்துகள்

வாத்து நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் போகும், உடம்பு இன்னொரு பக்கம் போகும். எப்படியோ இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். என் மனைவி வளர்க்கும் ஐந்தும் தினமும் காலையில் கூண்டைவிட்டு இப்படித்தான் இறங்கும், தலைபோகிற வேலை இருப்பதுபோல. எனக்கும் ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. அதனால் அவள் கணக்கில் ஆறாவது நான்.

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் பின்புறம் எங்கள் வீடு. பெரிய வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், சாவி எங்களிடம். காற்றாட அவ்வப்போது திறந்துவிடுவோம். மழைக்காலத்தில் உள்முற்றத்தில் தண்ணீர் தேங்கும். வாத்துகள் அதில் மிதக்கும். அலகால் சேற்றைச் சலித்துப் புழு தேடும். வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகில் தொட்டு இறகெல்லாம் பூசிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு முங்கினாலும் உடம்பு நனையாது. பழகிய வழியை வாத்து மறப்பதில்லை. வீடு தங்களுடையதுதான் என்று அவை முடிவே செய்துவிட்டன.

இந்தத் தையில் அங்கே கல்யாணம். வீட்டுக்கார ஆச்சி முன்னதாகவே வந்தார். தாழ்வாரத்தில் காய்ந்திருந்த எச்சத்தைப் பார்த்தார்.

"ஏத்தா, கல்யாணத்தன்னைக்கு இதுல ஒண்ணு உள்ள வந்துச்சு, மறுநாள் அடுப்புல ஏறிரும். பாத்துக்க."

ஆச்சி சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மனைவி சிரிக்கவில்லை. அவை குஞ்சாக இருந்தபோது மடியில் வைத்து வளர்த்தவள்.

கூண்டில் அடைத்தால் ஐந்தும் சேர்ந்து கத்தி நாதஸ்வரத்தை அமுக்கிவிடும். "ஊருணிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று விடிந்ததும் அவள் சந்தனம் கரைக்கப் போய்விட்டாள்.

வாத்துகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகிறவை. தலைவனைத் தூக்கிக்கொண்டால் மற்றவை தானாகப் பின்னால் வரும் என்று கணக்குப் போட்டேன். எது தலைவன்? ஊரைக் கூட்டுகிற குரல் ஒன்றுக்கு இருந்தது. அதுதான் ஆண் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

ஊருணிக் கரையில் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமில்லை. இறக்கிவிட்ட தலைவன் தண்ணீரைத் திரும்பியும் பார்க்கவில்லை. புல்லில் போய் உட்கார்ந்து ஒரு முட்டையிட்டான்.

முட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வாத்தை மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினேன். பெரிய வீட்டில் சிரிப்புச் சத்தம். மற்ற நான்கும் மேளக்காரர்களைத் தாண்டி, முன்வாசல் வழியாக, வரிசை கலையாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. முன்னால் போனதற்கு வாலில் ஓர் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. தொண்டை கட்டியதுபோல் கரகரத்த குரல். அதுதான் ஆண். இத்தனை நாள் அதற்குச் சளி என்று நினைத்திருந்தேன்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தண்ணீராகவே மின்னியது. வாத்துகள் கழுத்தை நீட்டின, நெஞ்சால் பாய்ந்தன, வழுக்கிக்கொண்டே போய் ஆச்சியின் காலடியில் நின்றன.

சந்தனக் கிண்ணத்தோடு என் மனைவி அசையாமல் நின்றாள். எல்லோரும் ஆச்சியைப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஆளுக்கொரு நேரமா வருது. இதுகளப் பாரு, சொல்லிவச்ச மாதிரி ஒண்ணா, வரிசையா!" என்றார் ஆச்சி. "முன்வாசல் வழியா வந்தவுகள சாப்பிடச் சொல்லாம எப்புடி அனுப்புறது? பின்கட்டுல இலை போடுத்தா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, கக்கத்துல இருக்கவுக சாப்பிட்டாகளா?"

பின்கட்டில் ஐந்தும் இட்லியைக் கொத்தின. நான் துண்டை அவிழ்த்து முட்டையைக் காட்டி, தலைவனைத் தூக்கிப்போன கதையைச் சொன்னேன்.

"கத்துறது ஆம்பளைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று அப்போதுதான் என் மனைவி சிரித்தாள். "நம்ம வீட்டப் பாத்துமா தெரியல?"

மறுநாள் அடுப்பில் ஏறியது அந்த முட்டை மட்டும்தான். அவித்து, மிளகு தூவி, ஆச்சிக்கு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.