சைக்கிளுக்குப் போட்ட அளவு

அந்தத் தபால்காரிக்கு வலது முழங்காலின் பின்பக்கம் வலித்தது. முன்பக்கம் அல்ல, பின்பக்கம். டாக்டரிடம் சொன்னாள், ஆபீசில் சொன்னாள், நாத்தனாரிடமும் சொன்னாள். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு முன்பக்கத்துக்கு வைத்தியம் சொன்னார்கள். நாத்தனார் ஒரு படி மேலே போய், "வயசாகுதில்ல அண்ணி, எலும்பு தேயத்தான் செய்யும்" என்றாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒரே வயது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

வெகு காலமாகச் சைக்கிளில் தபால் கொடுக்கிறவள். மேட்டுத் தெருக்களும், ரயில் பாதையை ஒட்டிய குவார்ட்டர்ஸும் அவளுடைய ரூட். எந்த வீட்டு கேட் உள்பக்கம் திறக்கும், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். ஒருதரம் ஆள் பற்றாக்குறை என்று கடிதம் பிரிக்கிற அறையில் கொஞ்ச நாள் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் ட்யூப்லைட், உயரமான ஸ்டூல், எதிரே புறாக்கூண்டு மாதிரி அடுக்கடுக்காகப் பெட்டிகள். வீட்டுக்கு வந்து புருஷனிடம், "என்னை அங்கயே நிரந்தரமா போட்டாங்கன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும், சொல்லிட்டேன்" என்றாள். அவள் மிகைப்படுத்தவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று ஆபீசில் வாயைத் திறந்த நாளிலிருந்து அந்த ஸ்டூல்தான் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது.

புருஷன் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. அவர் தைத்த சட்டை ஒன்றுகூட 'இறுக்கமா இருக்கு' என்று திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். நல்ல மனுஷன், பெண்டாட்டி மேல் உயிர். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீசில் அவளுக்குப் புதுச் சைக்கிள் கொடுத்தார்கள். ஷெட் மெக்கானிக் அவளை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலை மிதிகட்டையில் வைத்துப் பார்த்து, சீட்டை அவள் காலுக்குத் தக்கபடி நிறுத்தி இறுக்கினார். "தாழ்வா மட்டும் வச்சு ஓட்டாதேம்மா, முட்டி காலி" என்று எச்சரித்தும் அனுப்பினார். வண்டி பறந்தது. ஆனால் ஒவ்வொரு சர்வீசிலும் சீட்டைக் கழற்றுவார்கள், திரும்ப மாட்டும்போது குத்துமதிப்பாக மாட்டுவார்கள். அதனால் டெய்லர் அன்றைக்கே கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். மிதிகட்டைகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை ஒரு அளவு, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு அளவு, ஹேண்டில்பார் உயரம் ஒரு அளவு. வாடிக்கைக்காரர்களுக்குப் போடுவது போலவே ஒரு அளவு அட்டை. பெயர் என்ற இடத்தில் 'சைக்கிள்' என்று எழுதினார். கழுத்து, தோள், இடுப்பு என்று அச்சடித்திருந்ததையெல்லாம் அடித்துவிட்டுத் தன் அளவுகளைக் குறித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எந்தப் புருஷன் இவ்வளவு மெனக்கெடுவான்?

முதல் சர்வீஸ் முடிந்து வந்ததும் அட்டையைப் பார்த்துச் சீட்டை நிறுத்தி, சரிபார்க்க ஒருதரம் அளந்து அட்டையில் புதிதாகக் குறித்தார். சில வாரம் கழித்து, "என்னமோ லேசா இழுக்குதுங்க" என்றாள். டேப்பை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அட்டையில இருக்கறதை விடக் கால் இஞ்ச் இறங்கியிருக்கு. நீ குலுங்கிக் குலுங்கிப் போறதுல சீட் இறங்கிடுது. தாழ்ந்தா முட்டி போயிடும்னு அந்த மெக்கானிக் சொன்னாரில்ல?"

சீட்டை ஏற்றினார், இறுக்கினார், திரும்ப அளந்து புதுத் தேதி போட்டு எழுதினார். அவளும் நம்பினாள். கொஞ்ச நாளில் திரும்ப வலித்தது. திரும்ப டேப், திரும்பக் கால் இஞ்ச் இறக்கம், திரும்ப ஏற்றம், புதுத் தேதி. நட்டு தேய்ந்துவிட்டது என்று புது நட்டு வாங்கிப் போட்டார். அப்படியும் பாழாய்ப்போன சீட் இறங்கிக்கொண்டே இருந்தது, வலி ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளே ஸ்பேனரை எடுத்துச் சீட்டைத் தாழ்த்திவிட்டாள். மறுநாள் காலையில் அது பழையபடி உயரத்தில் நின்றது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் இறக்கி வச்சதை ஏங்க ஏத்துனீங்க?"

"கண்டபடி மாத்திக்கிட்டே இருந்தா எதனால வலிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அளவுன்னா அளவா நிக்கணும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அளவு சரி, கூடம் சரி, எல்லாம் சரி. அப்ப நான்தான் தப்பா?"

"நான் அப்படிச் சொல்லலியே" என்றார். சொல்லவில்லைதான். ஆனால் அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. டேப் பொய் சொல்லாது, அட்டை பொய் சொல்லாது, அப்படியானால் தேய்ந்துபோனது தன் கால்தான் என்று நினைத்துக்கொண்டாள். கேட் கேட்டாக நிறுத்தும்போது பெருவிரல் நுனியில் எம்பி நிற்க வேண்டியிருந்தது. குள்ளமாகிக்கொண்டே வருகிறேன் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். பாவி மகள், தன் காலை நம்பவில்லையே.

பட்ட காலிலே படும் என்பார்களே, அப்படியே ஆயிற்று. குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தி எம்பி நின்றபோது விரல் வழுக்கியது. வண்டியோடு சாய்ந்தாள். பையிலிருந்த கடிதங்கள் பாதி சாக்கடையில். நனைந்த கவர்களை ஆபீஸ் மேஜை மேல் பரப்பிக் காயவைத்தபோது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"முட்டி முடியலைன்னு எழுதிக் கொடுத்துடும்மா. லீவு சேங்ஷன் பண்ண எனக்கு ஒரு காரணம் வேணும்" என்றார். லீவுக்குத்தானே என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை வைத்தே ரூட்டை மாற்றி உத்தரவு போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து கடிதம் பிரிக்கிற அறையின் நெட்டையன் அவளுடைய ரூட்டுக்கு, அவள் நெட்டையனின் ஸ்டூலுக்கு. செய்தி வீட்டுக்கு வந்த அன்று அவள் சமைக்கவில்லை. டெய்லர் தானே எதையோ கிண்டிக் கொண்டுவந்து வைத்தார். தொடவில்லை.

லீவில் இருந்ததால்தான் அது அவள் கண்ணில் பட்டது. பகலில் அவள் ஒருநாளும் கடையில் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை காலையில், காலைப் பெஞ்சில் நீட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பேண்ட் தைக்க ஒருவர் வந்தார். டெய்லர் டேப்பைச் சுற்றி, "இடுப்பு முப்பத்திரண்டு" என்று வாயால் சொன்னார். கை அட்டையில் முப்பத்திரண்டே கால் என்று எழுதியது. "தொடை இருபத்திரண்டு" என்றது வாய். இருபத்திரண்டே கால் என்றது கை.

வந்தவர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"என்னங்க, வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுது?"

"தையலுக்குப் பிடிக்குமில்ல? துணி சுருங்கும். வெட்டும்போது மறந்துடக் கூடாதுன்னு அட்டையிலயே சேத்து எழுதிடுவேன். கத்துக்கிட்ட நாள்லேருந்து அப்படித்தான். அதனாலதான் நம்ம தையல் ஒண்ணுகூட..."

"சைக்கிளுக்கும் சேத்து எழுதினீங்களா?"

டெய்லர் இழுப்பறையைத் திறந்து சைக்கிள் அட்டையை எடுத்தார். வரிசையாகத் தேதிகள், வரிசையாக ஏறும் அளவுகள். அவர் கண்ணுக்கு அது ஒருநாளும் தப்பாகத் தெரிந்ததில்லை. அவரிடம் இருந்த எல்லா அட்டையிலும் அளவு வருஷா வருஷம் ஏறத்தானே செய்யும்? ஊரில் யார் இடுப்பு இறங்கியிருக்கிறது? சீட் ஒருநாளும் இறங்கவே இல்லை. அவர் கைதான் ஒவ்வொரு தடவையும் கால் இஞ்ச் கூட்டி எழுதியது, அடுத்த தடவை அந்தக் கூடுதலுக்குச் சீட்டை ஏற்றியது. மற்ற இரண்டு அளவுகளும் ஆபீஸ் சைக்கிளில் அசையாது என்பதால் தப்பித்தன. அவள் வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சீட் ஏறியிருந்தது. மொத்தம் ஒன்றரை இஞ்ச்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள். அதுவரை அவரை அப்படிச் சொன்னதே இல்லை.

"நான் நல்லதுக்குத்தானே..."

"நல்லதுக்கு! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தீங்களே! வலிக்குது வலிக்குதுன்னு கத்தினேனே, என் காலை ஒருதரமாவது பாத்தீங்களா? அட்டையைத்தானே பாத்தீங்க!"

செருப்பை மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனாள். சூப்பர்வைசர் பொறுமையாகக் கேட்டார். சீட் உயரம், டெய்லர் கை, கால் இஞ்ச், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட் உயரமா இருந்தா இறக்கிக்க வேண்டியதுதானேம்மா? ரெண்டு வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

இறக்கினேன், ஏற்றினார், விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

"உத்தரவு மேல போயாச்சு. முட்டி முடியலைன்னு உன் கையெழுத்து இருக்கு. இப்ப முட்டி நல்லாத்தான் இருக்கு, சீட்தான் உயரம்னு நான் எழுதினா சிரிப்பாங்க. ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்."

ஒரு வருஷம். வருகிற வழியெல்லாம் அவள் யாருக்கும் தலையாட்டவில்லை. வீட்டில் டெய்லர் ஸ்பேனரோடு சைக்கிள் பக்கத்தில் நின்றார். முதல் நாள் மெக்கானிக் வைத்த உயரத்துக்கே இறக்கிவிடுகிறேன் என்றார்.

"தொடாதீங்க. இனிமே எதுக்கு? அந்த வண்டி மேல கை வச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் தையல் மிஷினும் ஓடவில்லை, பேச்சும் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலையில் நெட்டையன் சைக்கிளை எடுத்துப்போக வந்தான். சொன்னால் நம்ப வேண்டும், அவன் நல்ல பிள்ளை. அவளை நிமிர்ந்து பார்க்கவே சங்கடப்பட்டான்.

"நான் கேக்கலக்கா. சத்தியமா நான் கேக்கல. அவங்களா போட்டுட்டாங்க."

"தெரியும்டா. எடுத்துட்டுப் போ" என்றாள். மூன்றாவது மேட்டுத் தெருவில் கறுப்பு நாயைப் பற்றிச் சொன்னாள், பாதை ஓரத்து வீட்டுக் கிழவருக்குக் காது கேட்காது, ஜன்னலைத் தட்ட வேண்டும் என்றாள். ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டினாள். "சீட்டை உனக்குத் தக்கபடி பாத்து வச்சுக்க."

அவன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். மிதிகட்டையில் குதிகாலை வைத்தான். மிதித்துத் தெருவில் ஒரு வட்டம் அடித்து வந்து நிறுத்தினான். ஒரு கால் எந்தச் சிரமமும் இல்லாமல் தரையில் பதிந்தது. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தான்.

"வேணாம்க்கா, கச்சிதமா இருக்கு. எனக்குன்னே அளவெடுத்துப் பண்ணின மாதிரி இருக்கு."

வாசலில் நின்ற டெய்லர் முகத்தில் ஒரு புன்னகை வந்துவிட்டது. அந்த வார்த்தைகளைக் கேட்டதும் வந்து வந்து பழகிப்போன புன்னகை, அவரைக் கேட்காமலே வந்தது. வந்ததும் அவருக்கே உறைத்தது. டேப்பைக் கழுத்திலிருந்து உருவிக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, தெருவைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பினார்.

அவள் அதைப் பார்த்தாள். நெட்டையன் தெருமுனை திரும்பும்வரை சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அளவு சரியாத்தாங்க இருந்திருக்கு" என்றாள். "ஆள்தான் நான் இல்ல."

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடக்கத் தொடங்கினாள்.