விபத்தில்லாத கட்டைவிரல்

போச்சம்பள்ளி கம்பெனியில் என் வேலை, பெயின்ட் அடித்து வரும் கதவுகளில் குறை கண்டுபிடிப்பது. ஊசிமுனைப் புள்ளி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு, சொந்தக் கட்டைவிரல் நகத்தில் ஓடிய கறுப்புக் கோடு மட்டும் குறையாகப் படவில்லை. எங்காவது இடித்திருக்கும் என்று பாஸ் போட்டுவிட்டேன்.

பாஸ் போடாதவர் சேஃப்டி ஆபீசர். கேட் அருகே ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. யாருக்காவது அடிபட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். மனிதர் தினமும் அதைத்தான் கும்பிடுவார்.

“ஏம்மா, இங்க அடிபட்டதா இது?”

“இருக்கலாம் சார்.”

“வாயக் கழுவும்மா! அடிபட்ட ரத்தம்னா நகம் வளர வளர மேல போவும். போவுதான்னு பாத்துடலாம்.”

அன்றிலிருந்து வாராவாரம் விரலோடு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்தார். பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட என்னை அத்தனை கோணத்தில் பார்த்ததில்லை. நகம் வளர்ந்தது, வெட்டினேன். கோடு நகரவில்லை. அகலமாகி, பக்கத்துத் தோலிலும் கறுப்பு இறங்கியது.

அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “பாத்தியா, கம்பெனி அடி இல்ல! டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாந்துடு.”

ஓசூர் தோல் மருத்துவரம்மா “இடிச்சிருப்பீங்க” என்றுதான் ஆரம்பித்தார். ஆபீசர் என் செல்லுக்கு அனுப்பியிருந்த போட்டோக்களைத் தள்ளத் தள்ள முகம் மாறியது.

“யாரும்மா எடுத்தது?”

“எனக்கு அடிபடலன்னு நிரூபிக்கிறவரு மேடம்.”

“நகத்துக்கு அடியில வர்ற புற்றுநோய் ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும். இந்த வாரமே பெங்களூர் போங்க.”

பரீட்சை மார்க்கில் வராத அபூர்வம் நகத்தில் வந்திருந்தது. “கத்தி பட்டா பரவிடும், கெலமங்கலத்துல பச்சிலை கட்றாங்களாம்” என்று அம்மா அழுதார். பச்சிலைக்கு நன்றி சொல்லிவிட்டு அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் பெங்களூர் போனேன்.

சதை எடுத்துப் பார்த்ததில் அந்தப் புற்றுநோய்தான், பெயர் மெலனோமா. நல்லவேளை, தோலின் மேலடுக்கோடு நின்றிருந்தது. நகத்தை வேரோடு எடுத்து, கையின் உட்புறத் தோலை ஒட்டினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலே போயிருக்குமாம்.

வேலைக்குத் திரும்பிய அன்று சேஃப்டி ஆபீசர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

“நகம் இனிமே வராதாம்மா?”

“வராது சார். உங்க பலகைக்கு ஒண்ணும் ஆகலயே?”

“பலகை கெடக்குது, வுடு.” பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். “மத்த விரலெல்லாம் காட்டு.”