பெரியம்மா தேய்த்த ஷூக்கள்

நேற்று ஒடுகத்தூர் பஸ் நிலையத்தில் ஒருவர் செருப்புக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை, இன்று கடைகள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த அந்தோணியம்மாள் பெரியம்மாவின் வீட்டுக்கு என்னை இழுத்துப்போனது. ஜவ்வாது மலையிலிருந்து குளிர்காற்று இறங்கும் விடியலில், ராணுவத்திலிருந்து பெரியப்பா விடுப்பில் வராத நாட்களிலும் அவருடைய பழைய பூட்ஸைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, பெரியம்மா தன் இரண்டு மகன்களின் ஷூக்களோடு, தாயை இழந்து அங்கே வளர்ந்த எங்கள் மூவரின் ஷூக்களையும் தேய்த்து வைப்பார். அந்த பிரஷ் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

பெரியப்பா எல்லையில் இறந்த வாரம் மாமா வந்தார்.

"வூட்ட வித்துட்டு எங்களோட வந்துடுக்கா. தங்கச்சி புள்ளைங்கள ஹாஸ்டல்ல சேத்துடலாம்."

"இன்னா பேசுற நீ? அஞ்சும் எம் புள்ளைங்கதான். நான் எங்கயும் வர்ல."

அன்றிரவு, பெரியம்மா மனம் மாறி எங்களை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே தூங்கினோம். விடிந்ததும் பிரஷ் சத்தம் கேட்டது.

ஐந்து பேரையும் படிக்க வைத்தார். நான் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தேன். பெரியம்மா எழுபது வயதில், வடக்கே நான் வேலை பார்த்த ஊருக்குத் தனியாக ரயிலேறி வந்து நின்றார். மருத்துவமனை வாசலில் நிறுத்திய காவலாளியிடம், பெரியப்பாவோடு குவார்ட்டர்ஸில் இருந்தபோது கற்ற இந்தியில் பேசியிருக்கிறார். நான் ஓடிப்போனபோது அந்தக் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அவனுடைய குடும்பத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் அம்மா வந்திருக்கிறார்" என்றான் அவன்.

"ஆமாம்" என்றேன்.