கேட்காமல் எடுக்காத மல்லிகாக்கா

செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்தும் கூடத்தில் இருந்தேன். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியம் எடுத்துப் பார்த்தால் பழவேற்காட்டிலிருந்து தேசப்பன் பலமுறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன். "அக்கா பூட்டாங்க டீச்சர். நேத்து ராத்திரி. ஒங்களுக்கு எவ்ளோ தபா போட்டேன். வெயில் ஏறுதுன்னு எடுத்துட்டோம்" என்றார். உள்ளே போய் மீதித் தாள்களைத் திருத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோட்டைக்குப்பத்தில் நண்டு வேகவைக்கும் கொட்டகை நடத்திய மல்லிகாவை அந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை. இதைப் படிப்பவர்களில் பலர் என்னைவிட அதிக காலம் அவரோடு பழகியவர்கள். நான் வெளியாள். சென்னையில் பொருளாதார வரலாறு சொல்லித்தருகிறவள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், சுற்றுவட்ட நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கிக் கப்பலேற்றியதைப் பற்றி எழுதத்தான் முதலில் அங்கே வந்தேன். டச்சுக் கல்லறைக்கு வழி கேட்டபோது மல்லிகாக்கா வழி சொல்லவில்லை. "செத்தவன் எங்க பூடப்போறான், மொதல்ல டீ குடி" என்றார். அந்த டீயை அவருடைய கொட்டகை வாசலில் நின்று குடித்தேன். எட்டிப் பார்த்த கொட்டகை, நான் படித்த எந்தப் பழைய ஆவணத்தையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது.

ஏரியிலும் கடலிலும் பிடிபடும் நண்டை வாங்கி, ஆவியில் வேகவைத்து, பெண்கள் உட்கார்ந்து சதையை எடுத்துத் தரம் பிரித்து, ஐஸில் வைத்து அனுப்புவார்கள். ஏஜெண்டின் வண்டி வந்து சென்னைப் பக்கத்து ஆலைக்கு எடுத்துப்போகும். அங்கிருந்து கப்பல். நான்கு கொட்டகைகள் இந்த வேலையைச் செய்தன; அதில் ஒன்று தேசப்பனுடையது. ஆலையின் விதிகளைக் கடைசி எழுத்துவரை நடத்திக்காட்டியது மல்லிகாக்காவின் கொட்டகைதான். வளையல் கூடாது, தலையில் பூ கூடாது என்று அவர் சொன்ன அன்று பெண்கள் விடவில்லை. "பேரு மட்டும் மல்லிகா, தலையில மல்லி வெச்சா ஆவாதாம்" என்று ஒருத்தி சொல்ல, கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் பூ வைத்து வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். சதையில் ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். "தின்றவன் எந்த ஊரோ, பல்லு பல்லுதானே" என்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு குளிர் அறை. அது இல்லாததால் எடுத்த சதையை அன்றே கொடுத்தாகவேண்டும், ஏஜெண்ட் சொன்னதுதான் விலை. அது போதாதென்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அவன் முன்பணம் தருவான்; வாங்கிவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. நான்கு கொட்டகைகளுக்கும் பொதுவாகக் குளிர் அறை கட்டிவிட்டால் ஆலையோடு நேராகப் பேசலாம், ஒருநாள் தாங்களே ஏற்றுமதி செய்யலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் தவறில்லை. வங்கி மேலாளரும், இந்தப் பருவத்தில் நான்கு கொட்டகைகளிலிருந்தும் ஒரு சரக்குகூடத் திரும்பி வராமல் இருந்தால் கடனுக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லியிருந்தார்.

இங்கே பாடு பற்றிச் சொல்லவேண்டும். ஏரியில் நல்ல வலைத்தலங்கள் கொஞ்சம்தான். அதனால் யாருக்கு எந்த நாள் எந்தத் தலம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. ஒருவருடைய பாட்டில் மற்றவர் வலை போடமாட்டார். நான்கு கொட்டகைக்காரர்களும் இதையே தங்கள் தொழிலுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அன்றன்று கரைக்கு வரும் நண்டு முழுதும் முறைக்காரரின் கொட்டகைக்குத்தான். பெரியவன் சின்னவனை விழுங்காமலிருக்க இது நல்ல ஏற்பாடு. வேகமாக வேலை நடக்க இது நல்ல ஏற்பாடா என்று எனக்கு ஆரம்பம் முதலே சந்தேகம். அதை அவரிடம் சொல்லியுமிருக்கிறேன்.

பருவம் முடியச் சில நாட்களே இருந்தபோது, தேசப்பனின் முறைநாளில் அவருடைய பாய்லர் நின்றுபோயிற்று. நான் அன்று அங்கே இருந்தேன். பொன்னேரியிலிருந்து மெக்கானிக் கிளம்பிவிட்டான், இதோ வந்துவிடுவான் என்று தேசப்பன் சொல்லிக்கொண்டே இருந்தார். கூடைகளில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. எதிர்க் கொட்டகையில் மல்லிகாக்காவின் பாய்லர் சும்மா இருந்தது. தீ மூட்டினால் போதும். நான் அதைச் சொன்னேன்.

"அவன் முறை" என்றார்.

"நண்டு கெட்டுப்போகும் அக்கா."

"தெரியும். அவன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், இப்பவே மூட்டறேன். கேக்காம எடுக்கமாட்டேன்."

"நீங்களாவது அவரிடம் போய்க் கேட்கலாமே."

அதற்கு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "எங்க நைனா ஜுரத்துல படுத்துக்கினு இருந்தாரு. அவரு பாட்டுல மீன் துள்ளுது, கண்ணால பாக்கறாங்க எல்லாரும். எவனும் வல போடல, வந்து கேக்கவும் இல்ல. கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாதே. நான் போயி நின்னா தேசப்பன் மாட்டேம்பானா? நாலு பேருல என் கொட்டாதான் பெருசு. இன்னிக்குக் கேப்பேன், நாளைக்குக் கேக்காமயே எடுப்பேன்."

தேசப்பனும் கேட்கவில்லை. இரண்டு கொட்டகைகளுக்கும் நடுவே ஒரு தெருதான். அந்தத் தெருவை அன்று யாரும் கடக்கவில்லை.

மெக்கானிக் வந்தான், பாய்லர் ஓடியது, நண்டு வெந்தது, எல்லாம் தாமதமாக. நான்கு கொட்டகைகளின் சரக்கும் ஆலையில் ஒரே கணக்கில்தான் ஏறும். நாற்றம் என்று சொல்லி ஆலை மொத்தத்தையும் திருப்பியனுப்பியது. திரும்பி வந்த வண்டியிலிருந்து டப்பாக்களை இறக்கும்போது தேசப்பன் தள்ளி நின்றார். மல்லிகாக்கா அவரைக் கூப்பிட்டார். "இன்னா தேசப்பா, மெக்கானிக்கு காசு குடுத்தியா?" "குடுத்துட்டேன்கா." "நல்ல ஆளு. நண்டு செத்தப்பறம் வைத்தியன இட்டாந்த." அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் திட்டியதை நான் கேட்டதில்லை. டப்பாக்களைப் புதைக்கக் குழி வெட்டினார்கள். அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

கடன் வரவில்லை. மேலாளர் மாறிப்போனார். புதியவருக்குப் பழைய வாக்கு தெரியாது. அவர் சொத்து கேட்டார். மல்லிகாக்கா தன் வீட்டையே தருவதாகச் சொன்னார். குப்பத்து வீடுகளுக்குப் பட்டா இல்லை. அவர் பிறந்து, தாலி கட்டிக்கொண்டு, அறுத்து, அத்தனை காலம் வாழ்ந்த வீடு வங்கியைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று. வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். தடவிக்கொண்டே இருந்தார், போடவில்லை. அடுத்த பருவத்துக்கு ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கிக்கொண்டார். எதிர்த்தேன். "நீ சொல்றது சரிதான். நாளைக்குக் காலையில நண்டு வரும், அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்லவேண்டும். முறைக்காரரால் முடியாமல் போனால் காலையிலேயே முறையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒரு புது ஏற்பாடு வந்தது. அதைக் கூட்டத்தில் சண்டைபோட்டு வாங்கியவர் மல்லிகாக்காதான். தன் கொட்டகையில் ஆள் குறைந்திருந்த ஒரு நாளில் முதல் ஆளாகத் தன் முறையைத் தேசப்பனிடம் ஒப்படைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு சரக்கு திரும்பி வந்ததில்லை. ஆனால் வங்கியில் அதைக் கேட்க யாருமில்லை.

சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் பாதி சென்னை ஆஸ்பத்திரியில் கழிந்த கடைசி மாதங்களில் அவரை அடிக்கடி பார்த்தேன். ஒருநாள், நான் எழுதிவந்த டச்சுக்கால நெசவாளர்களைப் பற்றி விசாரித்தார். முன்பணம் வாங்கியவர்கள் வேறு வியாபாரிக்கு விற்கக்கூடாது என்றிருந்ததைச் சொன்னேன். "அப்பவேவா?" என்றார். பிறகு, அவர்களில் யாராவது தங்கள் துணியைத் தாங்களே கப்பலில் ஏற்றுவதாகச் சொன்னார்களா என்று கேட்டார். நான் பார்த்த ஆவணங்களில் இல்லை, இல்லாததை என்னால் சொல்ல முடியாது என்றேன். "நீ பொய் சொல்லமாட்ட. ஆறுதலுக்குக்கூட சொல்லமாட்ட" என்று கண்ணை மூடிக்கொண்டார். திட்டா பாராட்டா என்று கேட்டிருக்கலாம். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்து வந்தேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

காரியத்துக்குப் போனேன். கொட்டகைக்குப் பக்கத்தில் குளிர் அறைக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த இடத்தில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். சாப்பாடும் அங்கேதான். தேசப்பன் எனக்குப் பரிமாறினார். "அன்னிக்கு நான் ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த எடத்துல கட்டடம் நின்னிருக்கும்" என்றார். இல்லை, அப்போதும் பட்டா கேட்டிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொல்லவில்லை.

மல்லிகாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சண்டை. அன்று அவர் தெருவைக் கடந்திருக்கவேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் உடனே என் பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு எதிராக அவர் சொல்லக்கூடியதை நானே சொல்லிப் பார்க்கிறேன். அவர் சொன்னதுபோல் வருவதில்லை.