பத்திரிகை அடிக்கிறவன் போட்ட அட்டை

என் மேசையில் இருக்கும் விளையாட்டுப் புத்தகத்தின் அட்டை முதலில் இருந்த அட்டை அல்ல. அந்த முதல் அட்டையைக் கிழிக்க வைத்தவன் என் அத்தை மகன். மலேசியாவின் ஈப்போ நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால், பேராக் மாநிலத்தில் நடக்கும் திருமணங்களுக்கெல்லாம் அவன்தான் தாலி எடுத்துக் கொடுக்கிறான் என்று தோன்றும்.

நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு அது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தினுடையது. அதன் விதிகளை வைத்து யாரும் துணைப் புத்தகம் எழுதி விற்கலாம். அட்டையில் மட்டும் நிறுவனத்தின் பெயரோ சின்னமோ வரக் கூடாது. நான் செமோர் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைக் கதைக்களமாக்கினேன். கூலிக்காரர்களான நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவன் எங்கள் லயத்துக்குள் நடந்து, எங்கள் காவல் தெய்வம் முனியாண்டியிடம் வழி கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காக வருடக்கணக்கில் எழுதினேன்.

அச்சடிக்க மச்சானிடம் கொடுத்தேன், என் தலையெழுத்து. அட்டை விதியைப் படித்துக் காட்டியபோது நன்றாகத் தலையாட்டினான். புத்தகம் வந்தது. உச்சியில் நிறுவனத்தின் சின்னம், தங்க நிறத்தில். அதன் கீழே ‘முன்னிலை’ என்று எங்கள் சட்டமன்ற உறுப்பினரின் பெயர், ‘ஒய்.பி.’ என்ற மரியாதை அடைமொழியுடன். அடுத்து ‘அன்புடன்’ என்று இவன் பெயரும் கடை முகவரியும். என் பெயரைக் காணோம்.

“பெரியவங்க பேர மேல போடாம எப்படி மச்சான் அடிக்கிறது? மரியாதையா இருக்காதுலா,” என்றான்.

நிறுவனம் விற்பனையை நிறுத்தி, பிரதிகளை அழிக்கச் சொன்னது. அவன் தொலைபேசியில் அழைத்து, “கவலப்படாத மச்சான், எல்லாத்துக்கும் நீதான் பொறுப்புன்னு கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டேன்,” என்றான். அந்தப் புத்தகம் தொடர்பாக அவன் என் பெயரை எழுதிய ஒரே இடம் அந்த மன்னிப்புக் கடிதம். அடுத்தவர் விதியை நம்பி எழுதுவது ஆபத்து என்று எனக்குத் தெரியும். அந்த ஆபத்து வெளிநாட்டிலிருந்து வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் அவன் மகளின் கல்யாணப் பத்திரிகை வந்தது. ஒய்.பி.க்கு அடுத்து என் பெயர், ‘பிரபல எழுத்தாளர்’ என்ற பட்டத்துடன். வெட்கம் என்பது அவன் கடையில் ஸ்டாக் இல்லாத சரக்கு. ஆனால் நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமை. அழிக்கச் சொன்னபோது அட்டையை மட்டும் கிழித்துவிட்டு நான் ஒளித்து வைத்திருந்த ஒரே பிரதியில், அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி அந்தப் பத்திரிகையை ஒட்டினேன். வெளியே தெரியும் வெள்ளைப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். ஒய்.பி.யும் மச்சானும் பசைக்குள் இருக்கிறார்கள்.