இரண்டு மூலை கூடிய வேலி

கணவர் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மனைக்கு வேலி போட ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டிருந்தார். கையில் கணவருடைய பெரிய கடிகாரம். நழுவ நழுவ முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுவார்.

மனையின் ஒரு மூலைக்குள் புகுந்து சுடுகாட்டுப் பாதை போனது.

“பாதையையும் சேத்து நேரா இழுத்தா செலவு கம்மிங்க. விட்டு வளைச்சா ரெண்டு மூலை கூடும். களிமண்ணுல மூலைக்கல்லு சாயும், ஆழமா நோண்டி கான்கிரீட் போடணும்” என்றேன்.

“போடுங்க. முன்ன வச்சிருந்தவங்க இதை அடைச்சப்ப, எங்கப்பாவ நடவு வயல் சேத்துல எறங்கித்தான் தூக்கிட்டுப் போனாங்க.”

குழி ஒவ்வொன்றையும் கம்பு விட்டு அவரே ஆழம் பார்த்தார்.

இன்றும் அந்தப் பக்கம் போனால், அந்த மூலைக்கற்கள் சாயாமல் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.